பெற்றோர் பிணியும் பிறர் பொருளும் – ஓர் அறவியல் நோக்கு

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனை இயற்றுபவன் என்பன அந்நான்குமாம். இவை ஒவ்வொன்றும் பெற்றிருக்கவேண்டிய இயல்புகளை உரையில் விரித்துக்கூறும் பரிமேலழகர், நோயாளிக்கு வேண்டிய இயல்புகளுள் முதலாவதாகப் பொருளுடைமையை வைக்கின்றார். மருத்துவன் சொல்வழி நிற்றல், நோயின் நிலையை உணர்த்துதல், மருந்தினால் வருந் துன்பத்தைப் பொறுத்தல் ஆகியன அதன் பின்னரே வருகின்றன. வாக்படரின் அட்டாங்க இருதயம் என்னும் ஆயுள்வேத நூலும் செல்வமுடைமையையே நோயாளியின் முதற் பண்பாகக் கூறுகின்றது. இதனைக் கல்நெஞ்சின் கூற்று என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. பொருளில்லாதவனிடத்து மருத்துவம் பாதிவழியில் நின்றுவிடும் என்பதைக் கண்டறிந்தவர்களின் அனுபவக் கூற்று அது. ஆயின், பொருளற்றவனுக்கு நோய் வந்தால் அவன் நோயாளி ஆவதற்கும் தகுதியற்றவன் ஆகின்றானா என்ற வினாவை உரைகாரரோ ஆயுள்வேத நூலாரோ எழுப்பினாரல்லர்.

இவ்வினா வெறும் நூற்பயிற்சிக்குரியதன்று. கிளிநொச்சியிலோ மட்டக்களப்பின் படுவான்கரையிலோ வாழுங் கமக்காரர் ஒருவருக்கு இருதயக் குழாய்களில் அடைப்பு ஏற்பட்டுள்ளதெனக் கொள்வோம். அவருடைய மூத்த மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்திற் பயில்கின்றான். இளைய மகள் திருமணமாகவேண்டியவள். அரச வைத்தியசாலையின் காத்திருப்போர் பட்டியலில் தந்தையின் பெயர் ஏறியுள்ளது. தாமதிப்பது ஆபத்தென வைத்தியர் கூறுகின்றார். கொழும்பின் தனியார் வைத்தியசாலையொன்றிற் சத்திரசிகிச்சை செய்வதாயின் அக்குடும்பம் பல வருடங்கள் உழைத்தாலும் சேர்க்கமுடியாத தொகை வேண்டும். காணி ஒற்றிக்குப் போகின்றது. தாயின் கழுத்திற் கிடந்தது அடைவுக்குப் போகின்றது. இவற்றுக்குப் பின்னரும் தொகை நிறையவில்லை. இனி எஞ்சியிருப்பது பிறரிடம் கேட்பது ஒன்றே. அங்ஙனங் கேட்பது அந்த மகனின் கடமையா? இழிவா? கேட்கப்பட்டவர் கொடுத்தேயாகவேண்டுமா? தந்தையோ ‘எனக்காக ஒருவரிடமும் போய் நிற்காதே’ என்கின்றார். அவருடைய சொல்லை மீறி அவருடைய உயிரைக் காப்பது அவருக்குச் செய்யும் மரியாதையா, அவமரியாதையா?

இலங்கையில் வைத்தியம் இலவசமல்லவா என்ற ஆட்சேபம் இங்கு எழக்கூடும். அது நியாயமான ஆட்சேபமே. வருமானங் குறைந்த நாடுகள் பலவற்றுக்கு இல்லாத பேறு இது என்பதை மறுப்பதற்கில்லை. ஊரிலுள்ள பெரிய செல்வந்தரும் பெரும் விபத்தொன்றிற் சிக்கினால் முதலிற் கொண்டுசெல்லப்படுவது அரச வைத்தியசாலைக்கே. 1971இல் வெளிநோயாளரிடம் இருபத்தைந்து சதம் அறவிடும் முறை கொண்டுவரப்பட்டு, 1977இல் அது நீக்கப்பட்டது. கால் ரூபாவைக்கூட நாட்டின் மனச்சாட்சி ஏற்கவில்லை என்று இதனைக் கொள்ளலாம். அதே 1971இல், பேராதனை மருத்துவபீடத்தின் உருவாக்கத்திற் பெரும் பங்கு கொண்ட பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. மருந்துகளை வியாபாரப் பெயரால் வாங்காது மருந்தின் பொதுப்பெயரால் மொத்தமாகக் கொள்வனவு செய்தால் ஏழைநாடு ஒன்று தன் மக்களுக்கு மலிவாக மருந்தளிக்கலாம் என்பது அவர் கொள்கை. அது மருந்தியல் சார்ந்த கொள்கை மட்டுமன்று. நோயாளிக்குப் பொருளுடைமை வேண்டும் என்ற பழைய விதிக்கு எழுதப்பட்ட மறுப்புமாகும்.

ஆயினும் நடைமுறை வேறு முகங்களையும் உடையது. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவிற் பாதியை அண்மித்த பங்கு இன்றும் மக்களின் கையிலிருந்தே செல்கின்றது. விடுதியிற் கட்டில் இலவசம். ஆனால் ‘இது இங்கே இல்லை, வெளியில் வாங்கிவாருங்கள்’ என்று எழுதித்தரப்படும் துண்டு இலவசமன்று. ஸ்கான் பரிசோதனைக்குரிய திகதி மாதக்கணக்கிற் தள்ளிப்போகும்போது, வெளியிலுள்ள பரிசோதனை நிலையம் அதே நாளிற் செய்து தருகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அந்நியச் செலாவணி இன்மையால் மருந்துகள் வராமற் போயின. சாதாரண சத்திரசிகிச்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. இவற்றுக்கு அப்பால் எவருடைய கணக்கிலும் ஏறாத செலவொன்று உண்டு. முல்லைத்தீவிலிருந்து மகரகமைக்கு ஒரு தாயைக் கொண்டுசெல்லும் மகள், பஸ் கட்டணம், தங்குமிடம், உணவு, தான் வேலைக்குப் போகாத நாட்களின் கூலி ஆகிய அனைத்தையுஞ் செலவிட்ட பின்னரே ‘இலவச’ வைத்தியத்தின் வாசலை அடைகின்றாள். இலவசம் என்பது வாசலிலிருந்து தொடங்குகின்றது. நோயாளியோ வாசலுக்கு வெகுதொலைவில் வசிக்கின்றார்.

இனி அடிப்படை வினாவுக்கு வருவோம். பெற்றோரின் பிணிக்குப் பிள்ளை எந்த அளவுக்குப் பொறுப்பு? தமிழில் இவ்வினாவைச் சிக்கலாக்குவது ‘கடன்’ என்னும் சொல்லே. கடமை என்ற பொருளும், திருப்பிக்கொடுக்கவேண்டிய பணம் என்ற பொருளும் அவ்வொரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. பெற்று வளர்ப்பது தாயின் கடன் எனச் சங்கப் புலவர் பேசும்போது அச்சொல் கடமையைக் குறிக்கின்றது. ‘பெற்ற கடன் தீர்த்தான்’ என ஊரார் பேசும்போது ஏதோ ஒரு கணக்குப் பேரேட்டில் எழுதப்பட்ட தொகை அடைபட்டதுபோன்ற தொனி எழுகின்றது. இவ்விரு பொருளையும் வேறுபடுத்தாமல் இவ்வறச் சிக்கலை ஆராய இயலாது.

யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்து 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் நூலாக்கப்பட்ட தேசவழமை, பெற்றோரின் கடன் பற்றித் திட்டவட்டமாகக் கூறுகின்றது. பெற்றோர் ஒரு காசுதானும் விட்டுச்செல்லாது இறந்தாலும் அவர்கள் பட்ட கடனை ஆண்மக்கள் அடைத்தல்வேண்டும். அப்போதைக்கு வசதியில்லாவிடினும் அப்பொறுப்பு அவர்களை விட்டு நீங்காது என்பது அதன் விதி. ஈண்டு கவனிக்கத்தக்கது, இது பெற்றோருக்குப் பிள்ளை பட்ட கடனன்று, பெற்றோர் பிறருக்குப் பட்ட கடன் என்பதே. பழைய சமூகம் கடன்கொடுத்தவனின் உரிமையை இவ்வளவு நுணுக்கமாகப் பாதுகாத்தது. நிலமும் உழைப்பும் குடும்பத்தின் பொதுச்சொத்தாக இருந்த அமைப்பில் அது இயல்பானதே. இக்காலச் சட்டம் வேறு திசையில் நோக்குகின்றது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது, அவர்தம் தேவைகளைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என விதிக்கின்றது. பிள்ளைகளற்ற ஆதரவிழந்த முதியோருக்குத் தங்குமிடம் அளிப்பதை அரசின் பொறுப்பாக்குகின்றது. பிள்ளைகள் உண்டு, ஆனால் அவர்களிடம் எதுவும் இல்லை என்னும் நிலையே இந்நாட்டிற் பெரும்பாலான முதியோரின் நிலை. அந்நிலைக்கு இவ்விரு விதிகளுக்கிடையே தெளிவான இடம் இல்லை.

மேனாட்டு மெய்யியலாளர்களுள் ஜேன் இங்கிலிஷ் என்பார் 1979இல் எழுதிய கட்டுரையொன்றில், வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்கு எதனையுங் கடன்பட்டவர்கள் அல்லர் என வாதிட்டார். முதல் வாசிப்பில் நம்மவர்க்கு இது அதிர்ச்சி தருவது. ஆயின் அவருடைய வாதம் பெற்றோரைக் கைவிடலாம் என்பதன்று. நாம் கேட்டதன்பேரில் அயலவர் ஒருவர் செய்த உதவி ஒருவகைக் கைம்மாற்றைத் தோற்றுவிக்கும். அன்புடையோர் தமக்குள் செய்துகொள்வனவற்றுக்குப் பற்றுவரவுக் கணக்கு இல்லை. ஆதலால் பெற்றோர் பிள்ளை உறவைக் கடன் என்ற சொல்லால் அளப்பதே பிழை என்பதே அவர் கூற்று. நமது வழக்கிலும் இதற்கு ஆதரவு உண்டு. ‘உன்னை வளர்க்க நான் செலவழித்ததைத் திருப்பித் தா’ என்று கேட்கும் தந்தையை ஊர் மெச்சுவதில்லை, நகைக்கும். எனினும் இங்கிலிஷின் கருத்தை முற்றாக ஏற்பதில் ஒரு தடையுண்டு. நட்பு முறிந்தால் நட்பின் கடமையும் முறியும். அவர் வழிச்செல்லின், குடியினாலும் அடியினாலும் வீட்டைக் குலைத்த தந்தை நோயுற்றுக் கிடக்கும்போது மகளுக்கு எப்பொறுப்பும் இல்லை என்றாகும். அத்தகைய மகள்களுட் பலர் பொறுப்பில்லை என்று கருதுவதில்லை. அன்பில்லை என்பதை மறைப்பதுமில்லை. அன்புமின்றிக் கடனுமின்றி அவர்கள் ஏன் விடுதி வாசலில் நிற்கின்றார்கள் என்பதற்கு அவ்வாதத்தில் விடை இல்லை.

இதிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. பெற்றோரைப் பராமரித்தல் கடன் என்ற சொல்லின் முதற் பொருளிலேயே கடன், இரண்டாம் பொருளிலன்று. அடைத்துமுடிக்கத்தக்க தொகை எதுவும் அதிலில்லை. இதில் ஆறுதலும் உண்டு, ஆபத்தும் உண்டு. தொகையில்லாத கடமைக்கு எல்லையும் இல்லையோ என்ற அச்சம் பிள்ளையைப் பற்றிக்கொள்கின்றது. இருந்த வீட்டையும் விற்றாயா, படிப்பை நிறுத்தினாயா, தங்கையின் சீதனக் காணியைத் தொட்டாயா என்று ஊரார் நாவு கேட்கின்றது. கேளாவிடினும் கேட்பதாகவே தோன்றுகின்றது. இறுதி வாரத்திற் பயனில்லை எனத் தெரிந்தும் தனியார் வைத்தியசாலையில் இலட்சக்கணக்கிற் செலவிடப்படும் பணத்தில் எத்தனை ரூபா அன்பின்பொருட்டு, எத்தனை ரூபா ஊர்வாய்க்கு அஞ்சி என்று பிரித்தறிதல் எளிதன்று. ஊர்வாய்க்கு அஞ்சிச் செலவிட்டது கடமையாகாது. அது மகளின் காணியைத் தந்தையின் பெயரால் ஊருக்குக் கொடுப்பதாகும்.

அடுத்து, கேட்டல் என்னும் செயலை ஆராயவேண்டும். இரத்தலைப் பற்றி வள்ளுவர் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். முதலாவதில், உள்ளதை மறைக்காது கொடுக்கும் இயல்பினரிடம் கேட்டல் இழிவன்று என்கின்றார்; அடுத்ததில், மகிழ்ந்து கொடுப்பவரிடத்தும் கேளாதிருத்தல் கோடி மடங்கு நன்று என்கின்றார். நீர்வேட்கையுற்ற பசுவுக்கென்று கேட்பினுங்கூட, இரத்தலைப்போல நாவுக்கு இழிவு தருவது வேறில்லை என்பதும் அங்கேயே உள்ளது. இந்தக் கடைசிக் கூற்று நமது வினாவுக்கு நேரே வந்து நிற்கின்றது. தனக்காக அன்று, வாயில்லாத பிறிதோர் உயிருக்காகக் கேட்டாலும் நாவு கூசும் என்கின்றார் அவர். அப்படியாயின் தந்தைக்காகக் கேட்கும் மகனுக்கும் விலக்கில்லை. வினைத்தூய்மை அதிகாரமோ இன்னும் கடுமையானது: பெற்ற தாயின் பசியைக் காண நேரினும் சான்றோர் பழிக்குஞ் செயலைச் செய்யாதே என்பது அதன் ஆணை.

இவற்றை மேலோட்டமாக நோக்குவோர், வள்ளுவர் மகனைத் தடுத்தார் என்று முடிவுகட்டலாம். ஆனால் சற்று நிதானித்தால் வேறுபாடு புலப்படும். தாயின் பசிக்காகவும் செய்யலாகாதது களவும் வஞ்சனையும் போன்ற பழிவினை. இரத்தல் அப்பட்டியலில் இல்லை. இரத்தல் பழியன்று, துன்பம். பசுவுக்கு நீர் கேட்பவன் தவறு செய்கின்றான் என்று குறள் கூறவில்லை. அவன் நா கூசுகின்றது என்றே கூறுகின்றது. அக்கூச்சத்துக்குக் காரணமானவன் யார் என்பதற்கும் அவ்வதிகாரத்திலேயே விடை உண்டு. இரந்துதான் உயிர்வாழவேண்டும் என்ற நிலை இருக்குமாயின் உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெடுக என்று வள்ளுவர் சபிப்பது கேட்பவனையன்று. கேட்கும்படி உலகத்தை அமைத்தவனையே. புறநானூற்றில் கழைதின் யானையாரும் இரத்தல் இழிவு எனக் கூறிய கையோடு, கொடேன் என மறுத்தல் அதனினும் இழிவு எனக் கூறினார். இழிவைக் கேட்பவனின் தலையில் மட்டும் சுமத்தும் பழக்கம் பின்னர் வந்தது. அது புலவர்கள் சொல்லித்தந்ததன்று.

நமது கிராமங்களிலும் தோட்டங்களிலும் காணப்படும் ஒரு வழக்கம் இவ்விடத்தில் ஊன்றி நோக்கத்தக்கது. ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் மரண உதவிச் சங்கம் ஒன்று உண்டு. மாதச் சந்தா கட்டுகின்றனர். ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் சங்கத்துக் கதிரைகளும் கொட்டகையும் பணமும் கேளாமலே வந்துசேருகின்றன. எவரும் கூசுவதில்லை. அதே வீட்டில் அதே மனிதர் உயிரோடு இருந்து நோயினால் வருந்திய ஆறு மாதமும் எந்தச் சங்கமும் வரவில்லை. இறந்தவரை எடுத்துச்செல்லப் பணமுண்டு. இறவாமற் காக்கப் பணமில்லை என்பது வெளியார் கண்ணுக்குக் கொடிய வேடிக்கையாகத் தோன்றும். ஆயின் அதற்குக் காரணம் உண்டு. மரணம் ஒவ்வொரு வீட்டுக்கும் வரும். அதன் செலவு ஏறத்தாழ ஒரே அளவானது. ஒரே நாளில் முடிவது. நோயோ ஒரு வீட்டை விட்டுவிட்டு மறுவீட்டை மூன்று முறை தாக்கும். எவ்வளவு செலவாகும், எப்போது முடியும் என்று எவராலும் கூறவியலாது. ஐம்பது வீடுகள் சேர்ந்து சுமக்கக்கூடிய பாரம் அதுவன்று. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வில், திருப்பிச்செய்யும் கடப்பாடு இல்லாத கொடை இல்லை எனக் காட்டினார். மரண வீட்டுக் கொடையிற் கூச்சமில்லாமைக்குக் காரணம், அது நிச்சயமாகத் திருப்பிச் செய்யப்படும் என்பதே. பெருநோய்க்குக் கேட்கும் பணத்தைத் திருப்பிக்கொடுக்க முடியாது என்பது இருசாராருக்குந் தெரியும். கூச்சம் அங்கேயே பிறக்கின்றது. ஆதலின் அக்கூச்சத்தை மகனின் குணக்குறையாகவோ ஊராரின் ஈரமின்மையாகவோ காண்பதிற் பயனில்லை. ஊர் என்ற அலகு பெருநோய்க்குப் போதாது.

போதாத இடத்தில் அறியாதவரை நோக்கிக் கைநீட்ட நேர்கின்றது. தமிழ்ப் பத்திரிகைகளில் ‘மருத்துவ உதவி கோரல்’ என்னுந் தலைப்பில் வரும் சிறு விளம்பரங்களை அறியாதார் இல்லை. நோயாளியின் படம், நோயின் பெயர், வைத்தியரின் சான்று, வங்கிக் கணக்கிலக்கம் ஆகியன அவற்றில் இருக்கும். இப்போது அவை கைத்தொலைபேசிகளின் வழியே கண்டங்களைக் கடந்து செல்கின்றன. இவ்விளம்பரத்தில் ஒருவகை அநீதி பொதிந்துள்ளது. பார்ப்போர் மனத்தை உருக்கும் முகத்துக்கே பணம் சேரும். இருதயத்தில் துவாரமுள்ள மூன்று வயதுக் குழந்தையின் படத்துக்கு ஒரு கிழமையில் சேருவது, அறுபத்தெட்டு வயதுத் தந்தையின் படத்துக்கு ஒரு வருடத்திலும் சேராது. அவர் ‘வாழ்ந்து முடித்தவர்’. இது முற்றிலும் தவறான உணர்வு என்றும் கூறவியலாது. பற்றாக்குறையான பணம் வாழவேண்டிய ஆண்டுகள் அதிகமுள்ள உயிருக்குப் போவதிலும் நியாயமுண்டு. ஆனால் அந்த நியாயத்தைத் தீர்மானிப்பவர் வைத்தியரோ பொதுச்சபையோ அல்லர். படமெடுத்தவரின் திறமையே அதனைத் தீர்மானிக்கின்றது.

இதனினும் ஆழமான சிக்கல் அப்படத்தில் இருக்கும் முகம் யாருடையது என்பதே. கேட்பவன் மகன், காட்டப்படுவது தந்தையின் முகம். மூக்கிற் குழாயோடு, மேலாடையின்றி, ஒருபோதும் ஊருக்குக் காட்டியிராத மெலிந்த உடம்போடு அவர் கிடக்கும் படம் முன்பின் அறியாதோரின் கைகளில் ஏறியிறங்குகின்றது. தன் மானத்தைச் செலவழித்துத் தந்தையைக் காப்பது மகனின் உரிமை. தந்தையின் மானத்தைச் செலவழித்துத் தந்தையைக் காப்பதற்கு அவனுக்கு உரிமை உண்டா? தந்தை நினைவோடிருந்து சம்மதித்தால் சிக்கல் இல்லை. அவர் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால், அந்தச் சொல் எதனை மறுத்தது என்று பிரித்துப்பார்த்தல் வேண்டும். சிகிச்சையையே வேண்டாம் என்கின்றாரா, தம்மைக் காட்சிப்பொருளாக்குவதை வேண்டாம் என்கின்றாரா, பிள்ளைகளின் எதிர்காலம் கரைவதை வேண்டாம் என்கின்றாரா? பெரும்பாலான பெற்றோரின் ‘வேண்டாம்’ மூன்றாவது வகையைச் சார்ந்தது. அது மறுப்பன்று, தம்மால் இயன்ற கடைசிக் கொடை. அக்கொடையை ஏற்காமலிருக்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு. இரண்டாவது வகை மறுப்பை மீறுவதற்கு அவ்வுரிமை இல்லை. படமின்றி, பெயரின்றி, நோயின் பெயரும் வைத்தியரின் கடிதமும் மட்டும் கொண்டு கேட்கவேண்டியதுதான். சேரும் பணம் குறையும். அந்தக் குறைவுக்கு மகன் பொறுப்பாளியல்லன்.

கொடுப்பவர் பக்கத்தையும் நோக்குதல் தகும். பீற்றர் சிங்கர் 1972இல், வங்காள அகதிகளின் துயரை முன்வைத்து எழுதிய கட்டுரையில், ஆழமற்ற குளமொன்றில் மூழ்கும் குழந்தையை உடை நனையும் என்பதற்காக ஒருவன் காப்பாற்றாது செல்லலாகாது எனின், தொலைவிலுள்ளவரைப் பொருளுதவியாற் காக்காதிருப்பதும் அத்தகையதே என்றார். இதன் வலிமையை மறுக்க இயலாது. ஆயினும் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இரண்டு வேலை செய்து வாழும் உறவினர் ஒருவரை எண்ணுக. அவருக்கு ஒரு மாதத்தில் ஐந்து ஊர்களிலிருந்து ஐந்து குளங்கள் காட்டப்படுகின்றன. அவர் ஒருநாள் தொலைபேசியை எடுக்காமல் விடுகின்றார். அவரைக் கல்நெஞ்சர் என்று வைவது எளிது; அவருக்கும் அங்கே நோயுற்ற தாய் ஒருத்தி இருக்கலாம் என்பதை எண்ணுவோர் குறைவு. குறிப்பிட்ட ஒருவரிடம் கேட்கலாம். அவர் தந்தேயாகவேண்டும் என்று உரிமை பாராட்டலாகாது. மறுத்தவரோடு பகை கொள்ளும் மகன் தான் கேட்டது கொடையன்று, வரி என்று தன்னை அறியாமலே ஒப்புக்கொள்கின்றான்.

வரி என்ற சொல் இங்கு தற்செயலாக வந்ததன்று. உரிமையோடு கேட்கத்தக்க இடம் ஒன்றே, அது அரசு. 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட சனாதிபதி நிதியம், இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய்ச் சிகிச்சை முதலியவற்றுக்கு உதவியளித்து வருகின்றது. பல்லாண்டுகளாக வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இருந்தவர்கள் அதற்கெனக் கொழும்புக்கு அலைந்தனர். 2025 முதல் பிரதேச செயலகங்கள் ஊடாக விண்ணப்பிக்கும் வசதி செய்யப்பட்டது. ஒரு நோயாளி வீட்டார் மிச்சப்படுத்தும் இரண்டு பஸ் பயணங்களின் பெறுமதியை அறிந்தோர் இதனைச் சிறு மாற்றம் என்னமாட்டார். அந்நிதியத்துக்கு அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்பனையின் வருமானமும் சேர்கின்றது. பல்கலைக்கழக மாணவர்க்கான மகாபொல நிதியத்துக்கும் அவ்வாறே. சந்தியில் நின்று நாள்தோறும் சீட்டு வாங்குபவர்கள் பெரும்பாலும் கூலியாட்கள். செல்வம் வருமென நம்பி ஏழை கொடுத்த பணத்தில் ஏழையின் இருதயம் திறந்து மூடப்படுகின்றது, ஏழையின் மகன் கட்டுரை எழுதக் கற்றுக்கொள்கின்றான் என்பதை நினைக்கும்போது, கொடையாளி யார், பெறுநர் யார் என்ற எல்லைக்கோடு அழிந்துபோகின்றது. அப்படியிருந்தும் நிதியத்தின் பெயரிலும், காசோலை கையளிக்கும் வைபவங்களின் படங்களிலும் அரசர் பரிசில் வழங்கும் சாயல் இன்னும் நீங்கவில்லை. இம்மானுவேல் காண்ட் 1797இல் வெளியிட்ட அறவியல் நூலில் இரண்டு கருத்துகளைக் கூறினார்: கொடுப்பவன் பெறுபவனைத் தாழ்த்தாத வண்ணம், தான் செலுத்தவேண்டியதைச் செலுத்துவதுபோலக் கொடுக்கவேண்டும் என்பது ஒன்று, செல்வரின் கொடைத்திறன் பெரும்பாலும் அரசின் அநீதியால் விளைந்த ஏற்றத்தாழ்விலிருந்து வருவதாயின் அதனைக் கொடை என்று அழைக்கலாமா என்பது மற்றையது. பிரதேச செயலகத்தின் வாங்கிற் காத்திருக்கும் மகளுக்கு இவ்விரண்டும் தெரிந்திருந்தால் அவள் சற்று நிமிர்ந்து அமரக்கூடும்.

உரிமையுமன்றி, கைநீட்டி இரத்தலுமன்றி, மூன்றாவது வழியொன்றும் உண்டு என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றைச் சுட்டலாம். 2011இல், தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஒரு நடைப்பயணம் மேற்கொள்ளப்பட்டது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கு நிதி திரட்டுவது அதன் நோக்கம். வழிநெடுக மூவினத்தவரும் பணங்கொடுத்தனர். போர் முடிந்து இரண்டு வருடங்களே கடந்திருந்த காலம் அது. 2016இல் அதே பாதையில் எதிர்த்திசையாக, பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி, காலி கராப்பிட்டியில் அத்தகைய வைத்தியசாலைக்காக நடந்தனர். இங்கு எந்த நோயாளியின் முகமும் காட்டப்படவில்லை. தெல்லிப்பழைக் கட்டிலில் இன்று கிடக்கும் தாய்க்கு, தன் கட்டிலுக்குப் பணந்தந்த மாத்தறைப் பெண்ணைத் தெரியாது; அப்பெண்ணுக்கும் இவளைத் தெரியாது. மோஸ் கூறிய திருப்பிச்செய்தல் ஐந்து வருடங்களின் பின் நிகழ்ந்தது, ஆனால் தனியாளிடமிருந்து தனியாளுக்கு அன்று. இலங்கையில் இரத்தம் விலைக்கு வாங்கப்படாது தன்னார்வமாக அளிக்கப்படுவதும் இவ்வகையானதே. முகமறியாக் கொடையிற் கூச்சம் இல்லை. இதனைக் கொண்டு எல்லாம் ஈடேறும் என்பது மிகையாகும். கட்டடம் எழுப்ப நடக்கலாம், மாதந்தோறும் மருந்து வாங்க நடந்துகொண்டிருக்க முடியாது.

பணம் கிடைத்தபின் எழும் சிக்கல்கள் சில பேசப்படுவதே இல்லை. தந்தை இறந்துவிட்டார், கணக்கில் இரண்டு இலட்சம் மிஞ்சியுள்ளது. அது யாருடையது? கொடுத்தவர் கொடுத்தது குடும்பத்துக்கு அன்று, சிகிச்சைக்கு. சிகிச்சை இல்லையெனின் பணத்தின் நோக்கம் பக்கத்துக் கட்டிலுக்குப் போகின்றது. ஒற்றிக் காணியை மீட்க அதனைப் பயன்படுத்தலாமா எனின், அக்காணி அந்நோய்க்காகவே ஒற்றிக்குப் போனது என்பதால் அதற்கும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் கொடுத்தவர்களிடம் அதைச் சொல்லிவிட்டுச் செய்வதே முறை. அந்தியேட்டிச் செலவுக்கு எடுப்பதற்கு நியாயம் இல்லை. அதற்கு ஊரில் சங்கம் இருக்கின்றது.

இத்தகைய வீடுகளிற் பெரும்பாலும் ஒரு பயிற்சிக் கொப்பி இருக்கும். தந்தவர் பெயரும் தொகையும் அதில் எழுதப்பட்டிருக்கும். சிலவற்றுக்கு எதிரே ‘கைமாற்று’ என்றும், சிலவற்றுக்கு எதிரே ஒன்றும் எழுதப்படாமலும் இருக்கும். சத்திரசிகிச்சை முடிந்து தேறிவரும் தந்தை ‘எவ்வளவு முடிந்தது?’ என்று கேட்கின்றார். மகன் தொகையைப் பாதியாக்கிச் சொல்கின்றான். குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தது என்னும் குறள் அவனுக்குத் துணைவரும். ஆயினும் அது சில நாட்களுக்கே செல்லுபடியாகும். அவர் எழுந்து நடந்து கோயில் வீதிக்குப் போகும்போது எதிரே வருபவர்களுள் யார் ஐந்நூறு ரூபா தந்தார், யார் தம் மாட்டை விற்றுத் தந்தார் என்பதை அறியாமல் அவர் நடத்தல் சரியன்று. நன்றி கூறும் பொறுப்பு அவருடையது, மகனுடையது அன்று. ஆகவே வைத்தியர் அனுமதித்த ஒருநாளிற் கொப்பியை அவர் கையிற் கொடுக்கவேண்டும். அவர் அதனை ஒருமுறைக்கு இருமுறை வாசிப்பார். யாருடைய பெயர் அதில் இல்லை என்றுங் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடைகூறும் கடப்பாடு மகனுக்கு இல்லை.